குற்றப்பத்திரிகைக்கு முன்னரே வக்கீல்

சங்கக் கிடங்கில் நூல் இருப்புக் குறைந்தால், கணக்கெழுதுபவரும் கைநாட்டு வைத்த நெசவாளியும் விசாரணைக்கு அழைக்கப்படுவதுண்டு. “குற்றப்பத்திரிகை வரட்டும், பிறகு வக்கீலைப் பார்ப்போம்” என்று திமிரி வட்டாரத்து அங்கத்தினர் சிலர் இருந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதற்குள் காரியம் கைமீறிவிடும்.

ஒரிஸா முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி வழக்கில், போலீஸ் விசாரணைக் கட்டத்திலேயே வக்கீல் துணையை நாடலாம் என 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவும், கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை அளிக்கிறது. முழு நேரமும் உடன்வைத்துக்கொள்ள அன்று. போலீஸார் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியைக் கையொப்பமிடச் செய்யலாகாது.

பணமில்லையே எனத் தயங்கற்க. பெண்டிர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், காவலிலுள்ளோர் ஆகியோர்க்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல் உதவி இலவசம்; 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். உண்மையை மறைக்க அன்று, அது திரிந்துவிடாமல் காக்கவே வக்கீல்.