கர்லாக் கட்டையும் கால் நடையும்

என் வீட்டில் ஒரு ஜோடி கர்லாக் கட்டைகள் இருக்கின்றன. ஒரு வருஷப் பிறப்பன்று வெகு உற்சாகத்துடன் வாங்கி வந்தேன். ஒன்பது நாள் சுழற்றினேன். பத்தாம் நாள் மழை. பதினோராம் நாள் விருந்தினர் வருகை. பன்னிரண்டாம் நாள் முதல் அவற்றுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்துவிட்டேன். இப்பொழுது காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுப்பதற்கு அவை மிகவும் உபயோகப்படுகின்றன.

சென்ற ஆண்டில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறி வகுப்பில் நுழைந்தேன். மூச்சு வாங்கிற்று, பாடத்தைத் தொடங்க முடியவில்லை. முன் வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஸார், கொஞ்ச நேரம் உட்காருங்கள்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. மெய்யான கவலையுடனேயே சொன்னான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

தேகாப்பியாசம் நல்லதென்பதை அறியாதவர் யார்? வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்புச் செய்யவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் மீண்டும் வற்புறுத்தியது. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். தெரிந்தும் நாம் ஏன் செய்வதில்லை? சோம்பல் ஒன்றே காரணம் அன்று. உற்சாகத்தை நம்பி இறங்குகிறோம். உற்சாகமோ விருந்தாளி, சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். வழக்கம்தான் வீட்டோடு இருப்பது.

இதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையே சான்று. பள்ளிப் பருவத்தில் அவருக்குத் தேகப் பயிற்சி பிடிக்காது. கல்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தாம் எண்ணியது பிழையென்று சத்திய சோதனையில் அவரே ஒப்புக்கொள்கிறார். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்ற பின், செலவைக் குறைக்க வேண்டி, தம் அலுவலுள்ள இடத்துக்கு அரை மணியில் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் அறை பிடித்தார். வண்டிச் சத்தம் மிச்சமாயிற்று. தினம் எட்டு, பத்து மைல் நடையும் கிடைத்தது. அங்கிருந்தவரையில் தம்மை நோயணுகாமல் காத்தது பெரும்பாலும் இப்பழக்கமே என்கிறார்.

பின்னர், தென்னாப்பிரிக்காவில் 1910-ல் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையிலும் இதே முறைதான். ஜோஹானஸ்பர்க் நகரம் அங்கிருந்து 21 மைல். பண்ணைக் காரியமாகச் செல்பவர் ரயிலேறலாம். உல்லாசமாகப் போக விரும்புவோர் நடக்கவேண்டும். அங்கு வாழ்ந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகளுக்கும் இதுவே விதி. 1930-ல், அறுபது வயதில், அண்ணல் 24 நாளில் சுமார் 240 மைல் கடந்து தண்டியை அடைந்தார். அந்தக் கால்களின் வலிமை ஒரு நாளில் வந்ததன்று.

கவனியுங்கள்: அவர் நடைக்கென்று தனியே பொழுது தேடவில்லை, அன்றாடக் காரியத்துடன் அதைப் பிணைத்துவிட்டார். இன்றைய ஆராய்ச்சியும் இதை ஒட்டியே செல்கிறது. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த லாலி என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 96 பேரைச் சோதித்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதிய செயலை, காலை உணவுக்குப் பின் என்பதுபோன்ற ஒரு நித்தியக் காரியத்தை அடுத்துச் செய்து வந்தார்கள். அது தானே நடக்கும் வழக்கமாவதற்குச் சிலருக்கு 18 நாள் போதுமாயிற்று. சிலருக்கு 254 நாள் வரை ஆகுமென்று கணக்கிடப்பட்டது. நடுத்தரமாக 66 நாள். ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகமில்லை என்பதும் தெரிந்தது. நானோ பத்தாம் நாள் மழைக்கே முழுத் தோல்வியை ஒப்புக்கொண்டவன்!

இப்பொழுது நான் பள்ளிக்கு ஒரு மைல் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறேன். அங்கிருந்து நடக்காமல் வேறு வழியில்லை. ஆதலால் மனத்துடன் தர்க்கம் செய்யவும் அவசியமில்லை.

"அடுக்களை வேலை போதாதா?" என்று பெண்மணிகள் கேட்கலாம். உழைப்புத்தான், ஆயினும் திறந்த வெளியில் கைவீசி நடக்கும் சுகம் அதில் இல்லையே! அவர்களுக்கு வேண்டியது உபதேசம் அன்று, அரை மணி ஓய்வு. மாலைக் காப்பி முடிந்ததும் என் மனைவி அண்டை வீட்டு அம்மாளுடன் நடக்கக் கிளம்புகிறாள். பாத்திரங்கள் என் பொறுப்பு. புருஷர்கள் இதைக் கைக்கொண்டால் குடும்பத்தில் இருவருக்கும் அப்பியாசம்!

இரண்டாவது மாடி அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஏறியவுடன் பாடத்தைத் தொடங்கிவிடுகிறேன். கர்லாக் கட்டைகள் கதவையே காத்துக்கொண்டிருக்கட்டும்.