இங்கே ஓடிய நிரல் அங்கே ஏன் நிற்கிறது?

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில், நூவோ என்ற கிராஃபிக்ஸ் டிரைவருக்கான பகுதியில், ‘ஆக்ஸ்’ என்று பெயரிட்ட சி மொழிக் கோப்பு ஒன்று இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் அது சாதாரணக் கோப்பு. விண்டோஸில் அதே மூலநிரலை கிட் வழியாக இறக்கினால் அந்தக் கோப்பில் வந்து இடறும். கோப்பின் உள்ளே எந்தப் பிழையும் இல்லை, பெயர்தான் தடை. 1981-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது. பிரின்டர், சீரியல் போர்ட் போன்ற சாதனங்களையும் கோப்புகளைப் போலவே பெயர் சொல்லி அழைக்க வைத்திருந்தார்கள். ‘ஆக்ஸ்’ அந்தப் பெயர்களில் ஒன்று. 1983-இல் கோப்புறை வசதி வந்தது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் முடங்கிவிடக் கூடாது என்பதால், எந்தக் கோப்புறையில் இருந்தாலும் அந்தப் பெயர்கள் சாதனங்களுக்கே உரியவை என்ற விதி தொடர்ந்தது. பின்னால் எந்த எக்ஸ்டென்ஷனை ஒட்டினாலும் அது மாறாது. விண்டோஸும் அந்த விதியை வாரிசாகப் பெற்றுக்கொண்டது.

ஒரு கணினியில் நன்றாக பில்ட் ஆன மென்பொருள் வேறு இயங்குதளத்தில் உடைந்து நின்றால், தேட வேண்டியது பெரும்பாலும் இந்த வகைக் காரணத்தைத்தான். நிரலின் தர்க்கம் சரியாகவே இருக்கும். ஆனால் எழுதப்பட்ட கணினியின் வழக்கங்களை அது சொல்லாமலே நம்பியிருக்கும்.

பெல் ஆய்வகத்தின் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1970-களிலேயே இதை நேருக்கு நேர் சந்தித்தார்கள். 1977-78-இல் அவர்கள் யுனிக்ஸை பிடிபி-11 கணினியிலிருந்து இன்டர்டேட்டா 8/32-க்குக் கொண்டுபோனார்கள். முன்னது 16 பிட் கணினி, பின்னது 32 பிட். முகவரியையும் முழு எண்ணையும் வேறுபாடின்றிக் கையாண்ட வரிகள், பைட்டுகள் இந்த வரிசையில்தான் இருக்கும் என்று நம்பிய வரிகள் எல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. இத்தகைய வரிகளைத் தேடிப் பிடிக்க ஜான்சன் எழுதிய கருவிதான் லின்ட். மொழிக்கு மொழி இன்று இருக்கும் ‘லின்ட்டர்’கள் எல்லாம் அதன் பெயரைத்தான் சுமக்கின்றன.

அந்தச் சிக்கல் இன்னும் தீர்ந்துவிடவில்லை. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் சி மொழியின் ‘லாங்’ 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். ஒரு கோப்பின் அளவை லாங்கில் வைத்திருந்தால், சுமார் 214 கோடி பைட்டைத் தாண்டியதும் விண்டோஸில் அது எதிர்மறை எண்ணாகிவிடலாம். பில்ட் நின்றுபோவதாவது நல்லது என்று சொல்லத் தோன்றும். இங்கே அது நிற்கவும் செய்யாது.

கோப்புப் பெயர்களுக்கு வருவோம். ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். விண்டோஸில் வேலை செய்பவர் ஹெட்டர் கோப்பைப் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேமித்திருப்பார், இன்க்ளூட் வரியில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார். அவர் கணினியில் ஆண்டுக்கணக்காக ஓடும். லினக்ஸ் சர்வருக்குப் போன அன்றைக்கு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பதில் வரும். இதன் மறுபக்கமும் உண்டு: லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்ட்டர் பகுதியில் எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் கோப்பு ஜோடிகள் இருக்கின்றன. சாதாரண மேக்கில் இறக்கினால் ஜோடியில் ஒன்றுதான் மிஞ்சும். 2018-இல் வந்த கிட் 2.20 முதல் இதற்கு எச்சரிக்கையாவது கிடைக்கிறது.

வரி முடிவும் அப்படித்தான். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு குறிகளால் முடிக்கும், லினக்ஸ் ஒன்றே ஒன்றால். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால், முதல் வரியில் உள்ள பாஷ் என்ற பெயரோடு அந்தக் கூடுதல் குறியும் ஒட்டிக்கொள்ளும். இல்லாத ஒரு நிரலைக் கணினி தேடிப் போகும். எடிட்டரில் திறந்து எத்தனை முறை பார்த்தாலும் வரி சரியாகவே தெரியும். கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்டுகளுக்கு எந்த வரி முடிவு என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை அறுபடும்.

தமிழில் எழுதுபவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பைத்தான் தொகுப்பின் அறிமுகக் குறிப்பு தமிழில் இருக்கிறது, நிறுவும்போது செட்டப் ஸ்கிரிப்ட் அதைத் திறந்து படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் எந்தச் சிக்கலும் இல்லை. விண்டோஸில், குறியாக்கம் எது என்று குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால், பைத்தான் நெடுங்காலமாக அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆங்கில அமைப்பு உள்ள கணினியில் அது 1252 என்ற எண் கொண்ட மேற்கு ஐரோப்பிய அட்டவணை. யூடிஎஃப்-8-இல் தமிழின் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 1252 அட்டவணையில் 141-க்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ‘காற்று’ என்ற சொல்லைப் படிக்கும்போது 12-ஆவது பைட்டில், அதாவது ‘ற்’ மேல் உள்ள புள்ளியில், பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்.

‘மழை’ என்று மட்டும் எழுதியிருந்தால் நிற்காது. அதில் புள்ளி இல்லை. அதன் 9 பைட்டுகளுக்கும் அந்த அட்டவணையில் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது. எனவே பிழை எதுவும் காட்டாமல், தமிழுக்குப் பதில் பொருளற்ற எழுத்துகளை வாங்கிக்கொண்டு நிரல் மேலே போய்விடும். தீர்வு எளிது: கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுவது. தமிழுக்கான கருவிகளை எழுதும் யாரும் முதல் நாளே இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

கோப்புக்கே தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘கொடி’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘ொ’ என்பதை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. முதலாவது 12 பைட், இரண்டாவது 15. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பைத் திறக்க, பில்ட் ஸ்கிரிப்ட் சேர்த்து எழுதிய பெயரைக் கேட்டால் லினக்ஸ் கையை விரிக்கும். திரையில் இரண்டு பெயரும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்.

சரி, பில்ட் உடைந்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது? பிழைச் செய்திகள் நூற்றுக்கணக்கில் கொட்டும்போது பலரும் கடைசிச் செய்தியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதல் செய்தியை. ஒரு ஹெட்டர் கிடைக்காமல் போனால், அதை நம்பியிருந்த ஒவ்வொரு வரியும் தன் பங்குக்கு ஒரு புகாரைச் சேர்க்கும். பல கோப்புகளை ஒரே சமயத்தில் கம்பைல் செய்யும் வசதியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டினால் செய்திகள் ஒன்றோடொன்று கலக்காது. அடுத்து, உடைந்த இடத்தில் கம்பைலருக்கு உண்மையில் போன கட்டளை என்ன என்று முழுதாக அச்சிட்டுப் பார்த்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் தனியே ஓட்ட வேண்டும்.

எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பதே பாதி விடை. ஹெட்டர் இல்லை என்றால் கம்பைலரின் தேடுபாதையைப் பார்க்க வேண்டும். எல்லாம் கம்பைல் ஆகிவிட்டு, ஒரு ஃபங்ஷன் காணவில்லை என்று லிங்க்கர் சொன்னால் லைப்ரரி விடுபட்டிருக்கிறது. மேக்கில் கணித ஃபங்ஷன்கள் சிஸ்டம் லைப்ரரிக்குள்ளேயே கிடைத்துவிடும். லினக்ஸில் கணித லைப்ரரியைத் தனியாகக் கேட்க வேண்டும். மேக்கில் ஓடியது லினக்ஸில் லிங்க் ஆகாததற்கு இது அடிக்கடி காணும் காரணம்.

1991-இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப், 2000-இல் கிட்வேர் நிறுவனம் வெளியிட்ட சிமேக் போன்ற கருவிகள் பில்டுக்கு முன்பே குட்டிச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து, கணினியில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்கின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘லைப்ரரி இல்லை’ என்று அவை சொன்னால், சோதனை நிரல் கம்பைல் ஆகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். லைப்ரரி இருந்தும், சம்பந்தமில்லாத வேறொரு பிழையால் சோதனை தோற்றிருக்கலாம். அந்தச் சோதனையின் முழுக் கதையும் லாக் கோப்பில் பதிவாகியிருக்கும். லைப்ரரியை மறுபடி மறுபடி நிறுவுவதற்கு முன் அதைத் திறந்து படிப்பவருக்குப் பாதி நாள் மிச்சமாகும்.

லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கே போனாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. புதிய லினக்ஸில் பில்ட் செய்த நிரல் பழைய லினக்ஸில், அதற்குத் தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று சொல்லி ஓட மறுக்கும். ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் அடிப்படை சி லைப்ரரி. பழையதில் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் பைத்தான் தொகுப்புகளை வெளியிடுவோர் வேண்டுமென்றே பழைய லினக்ஸில் பில்ட் செய்கிறார்கள். மெனிலினக்ஸ் 2014 என்ற பொது வரையறை, ஜிலிப்சி 2.17 கொண்ட சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது, ஜிலிப்சி 2.28-ஐ அடித்தளமாகக் கொண்ட அடுத்த வரையறைக்குத் தொகுப்புகள் மாறி வருகின்றன.