கியர் மாறும் நேரம் தவறினால்

தானியங்கிக் கியர் உள்ள காரில் ஒரு கியர் விட்டு அடுத்த கியர் விழும் வேகத்தைக் கியர் மாறும் புள்ளி என்பார்கள். அது ஒரே எண்ணாக இருப்பதில்லை. எண்ணெய் மிதியை மெல்ல அழுத்தினால் குறைந்த வேகத்திலேயே கியர் ஏற வேண்டும். அடிவரை மிதித்தால் இன்ஜின் தன் முழு வலுவையும் காட்டிய பிறகே ஏற வேண்டும். பழைய வேகக் கார்களில் இந்த நேரம் முந்தியோ பிந்தியோ போகும்போது, கியர் பெட்டியே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு உரிமையாளர்கள் எளிதில் வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். அதை முதலில் பார்க்காமல் பெட்டியைக் கழற்றுவது வீண் செலவு. நல்ல பெட்டியைக் கெடுக்கும் வழியும் அதுவே.

பினாங்குச் சாலைகளில் இன்றும் காணப்படும் மெர்சிடிஸ் 300ஈ இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1984இன் இறுதியில் அறிமுகமான டபிள்யூ124 வரிசையில் வந்த கார் அது. மூன்று லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின்; மாதிரியைப் பொறுத்து 180 முதல் 190 வரை குதிரைத்திறன். அதனுடன் இணைந்த 722.3 என்னும் நான்கு கியர் பெட்டியில் கணினி கிடையாது. எப்போது மாறுவது, எவ்வளவு இறுக்கமாக மாறுவது என்பதையெல்லாம் எண்ணெய் அழுத்தமே தீர்மானிக்கிறது. ஆகவே கையாலும் கண்ணாலும் காதாலும் குறையைத் தேட இடம் தரும் பெட்டி இது.

அதற்குள் மூன்று அழுத்தங்கள் வேலை செய்கின்றன. முதலாவது, வெளியேறும் தண்டுடன் சுழலும் கவர்னர் தருவது. வண்டியின் வேகம் கூடக் கூட இதுவும் கூடும். இரண்டாவது, எண்ணெய் மிதியின் இணைப்புக் கம்பிகளிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிள் தருவது. ஓட்டுநர் எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதை இது சொல்லும். கியர் மாற்றும் வால்வின் இருபுறமும் இவ்விரண்டும் கயிறிழுப்புப் போட்டி நடத்துகின்றன. கவர்னர் வெல்லும் கணத்தில் கியர் ஏறுகிறது. மூன்றாவது அழுத்தத்தை மாடுலேட்டர் என்னும் சிறு கிண்ணம் ஒழுங்கு செய்கிறது. இன்ஜினின் உள்ளிழுப்புக் குழாயில் உண்டாகும் வெற்றிடம் ஒரு மெல்லிய குழாய் வழியே அதை எட்டுகிறது. வெற்றிடம் குறைந்தால் இன்ஜின் சுமையில் இருக்கிறது என்று கொண்டு, கிளட்சுகளை மாடுலேட்டர் இன்னும் இறுக்கிப் பிடிக்கச் செய்யும். சுருங்கச் சொன்னால், எப்போது மாறுவது என்பது கேபிளும் கவர்னரும் சார்ந்தது. எவ்வளவு உலுக்கலோடு மாறுவது என்பது பெரும்பாலும் வெற்றிடம் சார்ந்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எதையும் திருகுவதற்கு முன் கியர் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க, வண்டி சமதளத்தில் நிற்க, கியர் 'பி'யில் இருக்க, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்போது அளப்பதுதான் முறை. பெங்காலான் வெல்ட் பக்கத்திலிருந்து பத்து மௌங் வரை ஓடும் கரையோர விரைவுச்சாலையை ஒருமுறை கடந்தால் எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அளவுகோலின் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே சுமார் 0.3 லிட்டர்தான் வேறுபாடு. எனவே கண்மதிப்பில் அரை லிட்டர் ஊற்றுவது அதிகம். குறைந்த எண்ணெயில் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். மிகுந்தால் சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கும். இரண்டிலும் அழுத்தம் தளர்கிறது, கியர் வழுக்குகிறது. எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்சு எரிந்திருக்கிறது என்று பொருள்.

ஆண்டு முழுவதும் பகலில் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஜார்ஜ்டவுன் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியில், இன்ஜின் வலுவைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கிக்கொண்டே எண்ணெயைச் சூடாக்குகிறது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையைக் கடக்கும் ஜாலான் துன் சார்டோன் அதற்கு இன்னும் கடுமையான சோதனை. குளிர்நாட்டுக்காக எழுதப்பட்ட பராமரிப்பு இடைவெளியை இங்கே அப்படியே நம்பக்கூடாது. எண்ணெய் மாற்றும்போது கீழ்த்தட்டோடு நின்றுவிடாமல் டார்க் கன்வெர்ட்டரின் வடிகால் திருகையும் திறக்க வேண்டும். இல்லையென்றால் பழைய எண்ணெயில் பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்துச் சாலைச் சோதனை. கியர் தாமதமாக விழுகிறது என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. மெல்ல மிதித்தபோது, பாதி மிதித்தபோது, முழுதும் மிதித்தபோது ஒவ்வொரு மாற்றமும் எந்த வேகத்தில் நிகழ்ந்தது என்று குறித்து, தயாரிப்பாளர் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பெட்டி மென்மிதியில் இரண்டாம் கியரிலேயே புறப்படும் வழக்கமுடையது. முதல் கியர் விழவில்லை என்று அதைக் கோளாறாகக் கொள்ளக்கூடாது. கியர் விகிதங்கள் 3.87, 2.25, 1.44, 1.00. பின்னச்சு விகிதம் 3.07 உள்ள வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு 5,800 சுற்றில் கியர் மாறுவதாகக் கொண்டால், முதலிலிருந்து இரண்டுக்குச் சுமார் 57 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டிலிருந்து மூன்றுக்குச் சுமார் 98 கிலோமீட்டர் வேகத்திலும் மாறும். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் வேக வரம்பு 80. ஆகவே இரண்டாவது அளவீட்டைப் பாலத்தில் எடுப்பது சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் புறம்பு. பெருநிலத்துக்குச் சென்று, 110 வரம்புள்ள வடக்கு தெற்கு நெடுஞ்சாலைப் பகுதியில், போக்குவரத்துக் குறைந்த வேளையில் எடுப்பதே சரி.

எல்லாக் கியர்களும் ஒரே மாதிரி தாமதமாக ஏறினால் முதல் சந்தேகம் கேபிளின் மேல் விழ வேண்டும். மிதி ஓய்வாக இருக்கையில் கேபிள் முனையின் பந்துக் குழி இழுவையே இல்லாமல் அதன் இடத்தில் பொருந்த வேண்டும். இழுத்து மாட்ட வேண்டியிருந்தால், ஓட்டுநர் எப்போதும் சற்று மிதித்திருக்கிறார் என்றே பெட்டி எண்ணிக்கொள்ளும். தொளதொளவென்று இருந்தால் கியர்கள் முந்திக்கொண்டு ஏறும். மேட்டில் வண்டி திணறும். இணைப்புக் கம்பிகளின் பிளாஸ்டிக், ரப்பர் புஷ்கள் தேய்ந்தாலும் இதே குறைதான். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதியை அடிவரை அழுத்த, இன்னொருவர் இன்ஜின் அறையில் காற்று புகும் வால்வான திராட்டில் முழுதும் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். வலு குறைந்துவிட்டது என்று வருந்தப்படும் பல கார்களில் திராட்டில் முழுதும் திறப்பதே இல்லை.

மிதியை அடிவரை அழுத்தியதும் கியர் இறங்கும் கிக்டவுன் தனிக் கதை. மிதியின் அடியிலுள்ள சுவிட்சு பெட்டியின் சோலினாய்டுக்கு மின்சாரம் அனுப்புகிறது. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருகி மிதியை அடிவரை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், சுவிட்சு, கம்பி என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கியர் ஏறும் வேகம் சரியாக இருந்து, மாறும்போது மட்டும் முதுகில் அடித்தாற்போல் உலுக்கினால் வெற்றிடக் குழாயைத் தேட வேண்டும். இன்ஜின் வெப்பத்தில் அதன் ரப்பர் இணைப்புகள் விறைத்து வெடிக்கும், காற்று கசியும், கசிவைச் சுமை என்று மாடுலேட்டர் தவறாகக் கொள்ளும். மாடுலேட்டரின் சவ்வே கிழிந்திருந்தால் இன்ஜின் அந்தக் குழாய் வழியே கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் எண்ணெய் குறைந்துகொண்டே போவதும், பின்னால் வெண்புகை வருவதும் இதன் அடையாளம். இன்ஜெக்டர் வளையங்கள் கசியும் நோயுற்ற இன்ஜினும் போதிய வெற்றிடம் தராது. இன்ஜினைச் சீராக்கும் முன் மாடுலேட்டரைத் திருகுவது ஒரு குறையை இன்னொன்றால் மறைப்பதாகும்.

சக்கர அளவையோ பின்னச்சையோ மாற்றிய கார்களில் வேறொரு குழப்பம் வரும். கவர்னர் அளப்பது பெட்டியின் வெளித்தண்டை, சக்கரத்தை அன்று. எனவே கியர் மாறும் சாலை வேகம் மாறிவிடும். இன்ஜின் சுற்று மாறாது. அத்தகைய வண்டியில் சுற்றுமானியைத்தான் நம்ப வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கியர் ஏற மறுத்தாலோ, ஏதேனும் ஒரு கியரிலேயே சிக்கி நின்றாலோ, கவர்னரில் அழுக்கு ஏறியிருக்கலாம். கியர் மாற்றும் வால்வுகள் அமைந்த வால்வு பாடியில் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் மட்டும் இன்ஜின் சுற்று துள்ளி எழுந்தால், அந்த மாற்றத்தில் பிடிக்க வேண்டிய கே1 கிளட்சு தளர்ந்திருக்கிறது. பின்னோக்கிச் செல்லும் கார் முன்னோக்கி நகரவே இல்லையென்றால், முதல் மூன்று கியர்களிலும் பிடித்திருக்க வேண்டிய பி2 பட்டையின் பிஸ்டன் உடைந்திருக்கக்கூடும். இந்தக் கட்டத்தில் அழுத்தமானிகளைப் பொருத்தி மூன்று அழுத்தங்களையும் தனித்தனியே அளந்த பிறகே பெட்டியைக் கழற்ற வேண்டும். மாடுலேட்டரை இறுக்கினால் தேய்ந்த கிளட்சு சில காலம் பிடிப்பதுபோல் தோன்றும். தேய்மானம் அப்படியே இருக்கும். பழுது பார்த்து மாட்டிய பெட்டிக்கும் கேபிளையும் மாடுலேட்டரையும் புதிதாகவே அமைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும், சிறிதளவு திருப்பி, அதே சாலையில் அதே சூட்டில் ஓட்டி, வேகங்களை மறுபடி குறித்துப் பார்க்க வேண்டும்.