நாய்க்குட்டியின் முதல் இரவுகள்

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு "எனது செல்லப்பிராணி" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். பதினொரு பேர் எழுதினர். அவர்களுள் எட்டுப் பேர் தம்மிடம் இல்லாத ஒரு நாயைப் பற்றியே எழுதியிருந்தனர். பெயர், நிறம், வாலின் நீளம் யாவும் குறைவின்றி இருந்தன; நாய் மட்டும் இல்லை. பெற்றோர் சந்திப்பில் இதனைக் கூறியபோது, "இனி நீங்களே வாங்கிக் குடுக்கச் சொல்லுவியள் போல கிடக்கு, மாஸ்டர்" என்று ஒரு தாயார் சிரித்தார்.

அந்த எட்டுப் பேருள் ஒருவரின் வீட்டுக்குப் பின்னர் உண்மையாகவே ஒரு குட்டி வந்தது. பத்தாம் நாள் அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. இரவு முழுவதும் ஊளையிட்டதும் கம்பளத்தில் சலம் கழித்ததுமே அது செய்த குற்றங்கள். அடுத்த சனிக்கிழமை, அப்பிள்ளையின் கொப்பியில் அந்தக் கட்டுரைப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். இதனை எழுத என்னைத் தூண்டியது அதுவே.

பெற்றோரையும் குறை கூறுவதற்கில்லை. எம் ஊரில் நாய் வளர்த்தோம்; நாயைப் பழக்கினோம் என்று சொல்ல முடியாது. படலையும் வேலியும் வளவும் இருந்தன. குட்டி அடுப்படிச் சாம்பலிலோ திண்ணை ஓரத்திலோ சுருண்டு படுக்கும். வேண்டியபோது எழுந்து வேலியோரம் போய்வரும். அதற்கு யாரும் நேரம் பார்த்ததில்லை. இங்கோ கதவு பூட்டிய வீடு, கம்பளம் விரித்த தரை, வெளியே குளிர், ஒற்றைச் சுவருக்கு அப்பால் அயலவரின் படுக்கை. ஊரில் தேவைப்படாத ஒரு வித்தை இங்கிலாந்தில் தேவைப்படுகின்றது. அதை நானும் பிழைவிட்டுத்தான் கற்றேன்.

முதலில், குட்டி ஏன் அழுகின்றது என்பதை அறிதல் வேண்டும். பிறந்த குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு கிழமை செல்லும். அக்காலத்தில் அதனால் தானாகச் சலம் கழிக்கவும் இயலாது. தாய் நாவால் நக்கித் தூண்டியே கழிக்கச் செய்து, உடனே துப்புரவும் செய்துவிடும். மூன்றாம் கிழமையளவில் கால் ஊன்றியதும் குட்டி படுக்கையை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தொடங்கும். ஆகவே, படுக்கும் இடத்தை அசுத்தஞ் செய்யலாகாது என்ற உணர்வு நாம் ஊட்டுவதன்று. அதனுடன் கூடவே வருவது. இரவிலோ அது தாயின் வயிற்றோடும் உடன்பிறந்தவற்றின் முதுகோடும் ஒட்டியே உறங்கும். தனிமை என்பதை அது அறிந்ததேயில்லை.

எட்டாவது கிழமையில் நாம் அதனைத் தூக்கி வருகின்றோம். அமெரிக்க ஆய்வாளர்களான ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரையான காலமே நாய்க்குட்டி உறவுகளைப் பழகிக்கொள்ளும் காலம் என்று விளக்கினர். அக்காலத்தின் நடுவேதான் எமது வீட்டு முதல் இரவு வருகின்றது. அன்று அது எழுப்பும் ஓசை பிடிவாதமன்று. கூட்டத்தைத் தவறவிட்ட குஞ்சு தாயை அழைக்கும் அழைப்பே அது.

இதை அறியாமல் நான் செய்ததைச் சொல்கின்றேன். சென்ற ஐப்பசி மாதத்துப் பாடசாலை விடுமுறையில் எம் வீட்டுக்கும் ஒரு குட்டி வந்தது. "அழட்டும், இரண்டு நாளில் அடங்கிவிடும்" என்று சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். முன்னொரு காலத்தில் இங்குள்ளவர்களும் இவ்வாறே அறிவுரை கூறினர். நள்ளிரவு தாண்டியும் அழுகை ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். என் மகள் படியில் வந்து நின்று, "அப்பா, அதுக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். கதவைத் திறந்தபோது தரை முழுவதும் ஈரம். குட்டியின் வயிறும் நனைந்திருந்தது. பயந்த குட்டி அடக்கவும் மாட்டாது, உறங்கவும் மாட்டாது என்பதை அன்று கண்டேன்.

மறுநாள் இரவு கம்பிக்கூட்டை எமது கட்டிலின் அருகே வைத்தோம். கூடு குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் போதிய அளவினதாக இருந்தாற் போதும். பெரிதாயின் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையை மலசலகூடமாகவும் கொண்டுவிடும். பெரிய கூட்டை வாங்கியிருந்தால் மட்டையால் தடுத்துக்கொள்ளலாம். பகலில் கதவைத் திறந்தே வைத்து, உணவையும் அதனுள்ளேயே கொடுத்தால் அது சிறையெனத் தோன்றாது. தண்டனையாக ஒருபோதும் அதனுள் அடைக்கலாகாது. குட்டியை எடுக்கச் செல்லும்போது ஒரு துணியைக் கொண்டுசென்று தாயின் உடலில் தேய்த்து வந்து உள்ளே விரிப்பது மிகவும் உதவும். (இங்கிலாந்தில் உரிமம் பெற்ற வளர்ப்பாளர் எட்டுக் கிழமை நிறையாத குட்டியை விற்றலாகாது என்பது 2018ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. ஆறு மாதம் நிறையாத குட்டிகளை இடைநின்று விற்கும் வணிகமும் 2020 சித்திரை முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள்.) இரவில் குட்டி முனகினால் கம்பியினூடே ஒரு விரலை நீட்டினாலே போதும், மணந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். சில நாட்கள் அமைதியாக உறங்கிய பின் கூட்டைக் கதவுப் பக்கம், பின்னர் வெளிக்கூடம், பின்னர் கீழ்த்தளம் எனச் சிறிது சிறிதாக நகர்த்தலாம்.

அடுத்தது கடிகாரம். பகலில் மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் என்பது பொதுவான கணக்கு: இரண்டு மாதக் குட்டி இரண்டு மணித்தியாலம் தாங்கும். உறக்கத்தில் சற்றுக் கூடுதலாக, மூன்று அல்லது நான்கு மணித்தியாலம் வரை தாங்கக்கூடும். சலப்பையின் தசைகள் முதிராமையே காரணம். இதில் புத்தியோ புத்தியின்மையோ இல்லை. நாம் இரவு பதினொரு மணிக்கு இறுதியாக வெளியே கொண்டுசென்று, இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் கடிகாரத்தை ஒலிக்கச் செய்தோம். குட்டி அழுது எழுப்பும் முன்னரே நாம் எழுந்துவிட வேண்டும். அழுத பின்னரே கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொண்டால், அடுத்த இரவு சும்மா அழும். கூடு உலர்ந்திருக்கும் இரவுகள் தொடர்ந்தால் நேரத்தைப் பதினைந்து நிமிடம் பின்தள்ளலாம்.

வெளியே செல்வதற்கும் ஒரு முறை உண்டு. குட்டியைத் தூக்கிக்கொண்டே செல்லுங்கள். நடக்கவிட்டால் வழியிலேயே முடிந்துவிடும். ஒரே கதவு, ஒரே மூலை, ஒரே சொல். எம் வீட்டில் அச்சொல் "போ ராசா". அது கழிக்கத் தொடங்கும்போது சொல்லி, முடித்த சில விநாடிகளுக்குள் ஒரு சிறு தின்பண்டம் கொடுத்துப் பாராட்ட வேண்டும். உள்ளே வந்த பின் கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசு என்றே அது எண்ணும். 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் நாய்களிடம் கண்ட நிபந்தனைத் தெறிவினையைப் பாடநூலில் படித்த மாணவர்கள், அதனைத் தம் தோட்டத்திலேயே காணலாம்: மூன்று கிழமைக்குள் அச்சொல்லைக் கேட்டதுமே எமது குட்டி மூலையை நோக்கிச் சென்றது. இரவில் பெரிய வெளிச்சமோ விளையாட்டோ வேண்டாம். கழித்ததும் மீண்டும் கூடு. ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காவிடினும் மீண்டும் கூடு. சிறிது நேரங் கழித்து மறுபடி முயலலாம்.

தவறு நேரத்தான் செய்யும். இரண்டாம் கிழமையில் ஒருநாள் குட்டி என் கண் முன்னாலேயே கம்பளத்தில் கழித்தது. நான் உரத்த குரலில் அதட்டினேன். அதன் பயன் என்ன? அடுத்த முறை அது சோபாவின் பின்னால் ஒளிந்து கழித்தது. தோட்டத்திலும் நான் அருகில் நின்றால் கழிக்க மறுத்தது. "இங்கே செய்யாதே" என்பதை அது கற்கவில்லை. "இந்த மனிதன் பார்க்கும்போது செய்யாதே" என்பதையே கற்றது. வன்னியில் ஆசிரியராக இருந்த காலத்தில் பிரம்பு பிடித்தவன் நான். அன்று என் மேசைக்கு வராமல் கொப்பியை ஒளித்துவைத்த பிள்ளைகள் சிலரின் முகங்கள் அந்த இரவில் நினைவுக்கு வந்தன. குட்டியின் நம்பிக்கையை மீட்க எனக்கு ஒன்பது நாள் சென்றது.

கழித்த இடத்தைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். நாயின் மோப்பம் எம்முடையதைவிடப் பன்மடங்கு கூரியது. எமக்கு மணம் போய்விட்ட இடம் அதற்குப் போயிராது, அங்கேயே மீண்டும் வரும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தின் மணம் சலத்தின் மணத்தை ஒத்திருப்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். 'பயோலொஜிக்கல்' என்று பொதியில் எழுதிய சலவைத்தூளில் நொதியங்கள் உள்ளன. அதனை இளஞ்சூட்டு நீரிற் கரைத்துத் துடைத்தால் மணம் அடியோடு நீங்கும்.

உணவைப் பற்றி ஒன்று மட்டும். உண்டு சற்று நேரத்திலேயே குட்டிக்கு மலம் வரும்; எனவே இரவுணவை உறங்குவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகக் கொடுங்கள். தண்ணீரைப் பகலில் குறைக்க வேண்டாம். மீதமான கறிச்சோறு கொடுக்கும் எம் ஊர் வழக்கம் இங்கு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும், எம் கறிகளில் இவ்விரண்டும் இல்லாதது ஏது? முந்திரிகைப் பழமும் சொக்கலேற்றும் நஞ்சாகும். சாமியறைக்கு நாய் போகலாமா என்று அம்மம்மாமார் கேட்பர். படியடியில் ஒரு சிறு தடுப்புக்கதவு பூட்டினால் அப்பிரச்சினை தீர்ந்துவிடும்.

தடுப்பூசிகள் முடியும் வரை தெருவுக்கும் பூங்காவுக்கும் இறக்கிவிட வேண்டாம். பாவோ வைரசு மண்ணில் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். வீட்டுத் தோட்டமே அதுவரை போதுமானது. அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தாலோ, முக்கினாலோ, இரத்தம் கண்டாலோ அது பழக்கக் குறையன்று. மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

எமது வீட்டில் ஐப்பசியில் தொடங்கிய இரண்டு மணி எழும்புதல் கார்த்திகையோடு நின்றது. ஐந்து மணி மட்டும் எஞ்சியது. மார்கழி விடுமுறையில், குட்டிக்குப் பதினேழு கிழமை ஆனபோது, ஓர் அதிகாலை வழக்கம்போல் கடிகாரம் ஒலித்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கூட்டைத் திறந்தேன். குட்டி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பின்னர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.