தசையைச் சிதைக்கும் நொதிகளும் கோழியின் வளர்ச்சியும்

கோழியின் தசைப்புரதம் ஒருமுறை உருவாகி அப்படியே நிலைத்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி நாள்தோறும் உடைந்து அமினோ அமிலங்களாகப் பிரிய, மறுபுறம் புதிய புரதம் உருவாகிக்கொண்டே இருப்பதால், உருவாவதிலிருந்து சிதைவதைக் கழித்து எஞ்சுவதே தசை வளர்ச்சியாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய கறிக்கோழி வகைகளை ஒரே தீவனத்தில் வளர்த்தபோது, 56ஆம் நாளில் அவை முறையே 905, 1,808, 4,202 கிராம் எடையை எட்டின. எடையைப் பார்த்தே தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்தவர்கள், தசைக்குள் நடக்கும் இந்த வரவுசெலவையும் தம்மை அறியாமலே மாற்றியிருக்கிறார்கள்.

சிதைவைச் செய்பவை நொதிகள், அதாவது உயிர்வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். கால்சியத்தால் தூண்டப்படும் கால்பெயின், தசையிழைகளைப் பிணைத்து நிறுத்தும் புரதங்களை வெட்டி அவற்றைத் தளர்த்துகிறது. கால்பாஸ்டாட்டின் என்னும் மற்றொரு புரதம் அதைக் கட்டுக்குள் வைக்கிறது. தளர்ந்து பிரிந்த புரதங்களின்மீது யுபிகுவிடின் என்னும் சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்பட, புரோட்டியசோம் என்னும் பெரிய நொதித்தொகுதி அவற்றைத் துண்டாடுகிறது. இந்த அடையாளமிடும் முறையைக் கண்டறிந்த சீகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகியோருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிருள்ள பறவையில் இச்சிதைவை அளக்கும் வழி வியப்புக்குரியது. ஆக்டின், மயோசின் ஆகிய தசைப்புரதங்களில் உள்ள சில ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள், புரதம் உருவான பிறகு மெத்தில் தொகுதி ஏற்று 3-மெத்தில்ஹிஸ்டிடினாக மாறுகின்றன. புரதம் உடையும்போது வெளிவரும் இதனை உடல் மீண்டும் புரதமாக்க முடியாதாகையால், எச்சத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பது தசை எவ்வளவு கரைந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. இவ்வாறு அளந்த ஆய்வுகளில், ஒரே வயதுடைய முட்டைக்கோழிக் குஞ்சுகளைவிடக் கறிக்கோழிக் குஞ்சுகளில் தசைச் சிதைவு வீதம் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே கறிக்கோழியின் பருமனுக்குத் தீவனத்தை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது.

தீவனத்துக்குப் பங்கே இல்லை என்பதும் இதன் பொருளன்று. குஞ்சுகளைப் பட்டினி போட்டால், யுபிகுவிடினை ஒட்ட உதவும் அட்ரோஜின்-1 என்னும் புரதத்துக்கான மரபணு தசையில் முனைப்புடன் செயல்படுகிறது. மீண்டும் இரை கிடைத்ததும் இன்சுலின் உயர, அச்செயல்பாடு தணிகிறது. பழுதுற்ற புரதங்களை அகற்றுவதும் இதே நொதிகளின் பணி என்பதால், சிதைவை அறவே நிறுத்துவது வளர்ப்பின் நோக்கமாக இருக்க முடியாது.

அறுத்த பிறகும் கால்பெயின் சில காலம் செயல்பட்டு இறைச்சியை மென்மையாக்குகிறது. முதிர்ந்த நாட்டுக்கோழியின் கடினத்துக்கோ, வயது ஏற ஏற இணைப்புத் திசுவின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதே பெரிதும் காரணமாகிறது.