சிவப்பும் கறுப்பும் ஒன்றாகும் கண்கள்

ஏழாயிரம்பண்ணையில் நாம் சென்றிருந்த ஓர் இல்லத்தில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். எதிரே சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது.

“இந்த மாதம் விடுமுறை எத்தனை என்று சிவப்பு எழுத்துகளை எண்ணச் சொன்னேன், ஐயா. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சொல்லிவிட்டு, வேறு இல்லை என்று சாதிக்கிறான். விளையாடுகிறான் என்று இரண்டு அடி வைத்துவிட்டேன்” என்றார் தாய்.

சிறுவனை அருகழைத்து வினவினோம். “எல்லாம் கறுப்பாகத்தானே இருக்கிறது!” என்றான். பின்னர்ச் சாத்தூரில் கண் மருத்துவர் சோதித்தபோது உண்மை விளங்கிற்று.

நிறக்குருடு என்பது இதன் பழைய பெயர். ஆயினும் இது குருடும் அன்று. அறிவு மந்தமும் அன்று. விழித்திரையில் நிறமுணரும் கூம்புச் செல்கள் மூவகை. அவற்றுள் ஒருவகை பழுதுபட்டால் சில நிறங்கள் தம்முள் மயங்கும். சிவப்பை உணரும் வகை இல்லாதவர்க்குச் சிவப்பு மங்கி, கறுப்பை ஒட்டித் தோன்றும். அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் ஜான் டால்டனுக்கும் நிறமயக்கம் இருந்தது. 1794-இல் தம் பார்வையைப் பற்றியே அவர் கட்டுரை வாசித்தார். ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் 12 பேரில் ஒருவருக்கும், பெண்கள் 200 பேரில் ஒருவருக்கும் சிவப்பு-பச்சை மயக்கம் உண்டு. பிறவியிலேயே அமையும் இக்குறை, தாயிடமிருந்து பெறும் எக்ஸ் குரோமோசோம் வழியே மகனை அடைகிறது.

“அப்படியானால் குற்றம் என்னுடையதா?” என்று கலங்கினார் அத்தாய். எவர் குற்றமும் அன்று என்று தேற்றினோம்.

குறை கூறுவதாயின், செய்தியை நிறத்திடம் மட்டும் ஒப்படைக்கும் நம் வழக்கத்தையே கூற வேண்டும். தீப்பெட்டி லேபிள்களோடு வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில் இன்று நாடெங்கும் காலண்டர்களை அனுப்புகிறது. விடுமுறை எண்ணைச் சிவப்பில் அச்சிடுவதோடு, அதைச் சுற்றி ஒரு கட்டமும் இட்டால் போதுமே! இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. உணவுப் பொட்டலங்களில் சைவத்திற்குப் பச்சை வட்டமும் அசைவத்திற்குப் பழுப்பு வட்டமும் இருந்தன. நிறம் மயங்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. எனவே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், 2020-ஆம் ஆண்டு விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியது. நிறம் ஏமாற்றினாலும் வடிவம் ஏமாற்றாது.

பெற்றோரே, ஆசிரியரே! வரைபடத்தில் நிறத்தோடு பெயரையும் எழுதுங்கள். வண்ணப் பென்சில்களில் நிறப்பெயரை ஒட்டுங்கள். பட்டாசு ஆலைகள் நிறைந்த நம் பகுதியில், எச்சரிக்கைப் பலகை வெறும் சிவப்பாக இராமல் சொல்லும் படமும் தாங்கட்டும். பிள்ளை நிறம் தவறும்போது கை ஓங்குமுன் கண்ணைச் சோதியுங்கள்.

மறுமுறை அவ்வில்லம் சென்றபோது, காலண்டரின் விடுமுறை நாள்களைச் சுற்றித் தாயின் கையால் பேனா வட்டங்கள் இருந்தன. சிறுவன் ஒன்றுகூடத் தவறாமல் எண்ணிக் காட்டினான்.