ஒரே வயலின், பல பாணிகள்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு கச்சேரியில் வயலின் ஒலித்தால், விவரம் தெரிந்த ரசிகர் கேட்பது, "இது எந்தப் பாணி?" என்பதுதான். கருவி ஒன்று, ஒலி மட்டும் ஏன் வேறுபடுகிறது?

வயலின் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பதால் இடது கை தடையின்றி நகர்கிறது, கமகம் வசப்படுகிறது.

பிறகு பாணிகள் பிரிந்தன. லால்குடி ஜெயராமன் (1930–2013) வாய்ப்பாட்டைப் போலவே வாசித்தார். சாகித்தியத்தின் சொற்களை அனுசரித்தே வில் திரும்பும். பரூர் சுந்தரம் ஐயர், அவர் மகன் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் வழியில் நீண்ட வில்லும், ஒரே விரலில் தந்தியில் ஓடும் வேகமும் சிறப்பு. மைசூர் சௌடையாவோ, சபை முழுதும் கேட்க ஏழு தந்தி வயலினைக் கையாண்டார்.

அயர்லாந்திலும் டோனகல், ஸ்லைகோ என்று வட்டாரத்துக்கு ஒரு வில் வீச்சு உண்டு. ஸ்லைகோவில் பிறந்த மைக்கேல் கோல்மன் 1920-களில் அமெரிக்காவில் பதித்த இசைத்தட்டுகள் தாயகத்திலும் பரவின. பலரும் அவரைப் போலவே வாசிக்கத் தொடங்க, பல ஊர்களின் சொந்தப் பாணி மங்கியது.

இன்று அந்த இசைத்தட்டின் இடத்தில் யூடியூப் இருக்கிறது. பதிவு ஸ்வரத்தைக் காட்டும். மாணவரின் மணிக்கட்டைத் திருத்தாது. அதற்குக் குரு எதிரில் அமர வேண்டும். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் கோலாலம்பூரில் தோற்றுவித்த டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களின் தேவை இதுதான். பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், "எத்தனை கீர்த்தனை முடிந்தது?" என்பதோடு, "எந்தப் பாணியில்?" என்றும் கேட்கலாமே!